மாமா வாங்கிய பிராசஸர்

அத்தியாயம் 14

ஒராஸ் வீட்டு பிரிட்ஜ் கதவில் பத்து நாளாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் மூன்று கம்ப்யூட்டர் பிராசஸர்களின் பெயர்கள். ஒவ்வொன்றின் கீழும் அவன் கையெழுத்தில் பொடிப் பொடியாகக் குறிப்புகள். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட இந்த மனுஷன் இவ்வளவு விசாரிக்கவில்லை என்று அவன் மனைவி ஷினார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கதையை நடுவில் வந்து பிடிப்பவர்களுக்காக நாலு வார்த்தை. ஒராஸ் எங்கள் கரகண்டா நகரத்தில் நிலக்கரிச் சுரங்கத்து எலெக்ட்ரீஷியன். நாற்பத்து மூன்று வயது. வீட்டுக்குக் கடைக்குட்டி. போன வருஷம் அப்பா போனபிறகு, பக்கத்து ஊர் தோபாரில் இருக்கும் அப்பாவின் வீடு வழக்கப்படி கடைசி மகனான அவனுக்கு வந்தது. ஆனால் அப்பாவைக் கடைசி ஆறு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவள் அவன் அக்கா ரௌஷான். "வழக்கம் உனக்கு, வேலை எனக்காடா?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. அதனால்தான் ஒராஸுக்கு அவ்வளவு கோபம் வந்தது. வீட்டை விட்டுக்கொடுத்தால், அப்பாவைப் பார்க்காத மகன் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தான். வார்த்தை தடித்தது. "இனிமே உன் வீட்டு ஊசிகூட என் வாசப்படி தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தான். ஒன்பது மாசமாகப் பேச்சில்லை. தோபார் வீட்டுச் சாவி மட்டும் இவன் வாசல் ஓரத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஒராஸின் மகள் இன்ஜுவுக்குத் தேர்வு ஆட்டம். பதினாறு வயது. கம்ப்யூட்டரில் ஆடுகிற துப்பாக்கி ஆட்டத்தில் ஊரிலேயே கெட்டிக்காரிகள் ஐந்து பேரைச் சேர்த்து ஓர் அணி கட்டுகிறார்கள். அதில் ஓர் இடம் பாக்கி. இத்தனை நாள் அவள் விளையாடியது குடியிருப்பின் அடித்தளத்தில் இருந்த கம்ப்யூட்டர் கிளப்பில். டிசம்பரில் அங்கே வெந்நீர்க் குழாய் வெடித்து எல்லாம் நாசம். சொந்த மெஷினில் ஆறு மணிக்கு உள்ளே வந்தால் இடம் உனக்கு, இல்லாவிட்டால் அடுத்த பெண்ணுக்கு என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

"நான் கட்டித் தர்றேன்" என்று ஒராஸ் வாக்குக் கொடுத்தான். அவன் கம்ப்யூட்டர் கட்டியதில்லை. ஆனால் பூமிக்கடியில் அறுநூறு மீட்டரில் அவன் பிரித்துப் பூட்டாத யந்திரம் கிடையாது.

ஆரம்பத்தில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கிகாஹெர்ட்ஸ். எண் பெரிதாக இருந்தால் பொருள் நல்லது. இன்ஜு சிரித்தாள்.

"அப்பா, அது ஒரு ஆளு எவ்வளவு வேகமா மண்வெட்டி போடறான்னு சொல்ற மாதிரி. எத்தனை ஆளுன்னு பாக்க வேணாமா? அதான் கோர்."

"அப்போ ஆளு ஜாஸ்தியா இருந்தா போதுமா?"

"போதாது. ஆட்டத்துக்கு ஆறு ஆளு இருந்தா நல்லது. அதுக்கு மேல இருந்தா பாதிப் பேரு நின்னு பீடி குடிப்பான்."

இந்தப் பதில் ஒராஸுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சுரங்கத்தில் அவன் தினமும் பார்க்கிற விஷயம். அன்று பிடித்த பைத்தியம்தான். ஷிப்ட் முடிந்து வந்து, முகத்திலிருந்த கரி சரியாகப் போகுமுன்னே போனில் ஒவ்வொரு பிராசஸராகப் பிரித்து விளக்குகிறவர்களைப் பார்ப்பான். கேஷ் என்றால் என்ன, இத்தனை நானோமீட்டர் என்கிறார்களே அது எதன் அளவு, சூடு எங்கே போகிறது என்று சாப்பாட்டு மேஜையில் கேள்வியாய்க் கேட்பான். ஷினார் தலையில் அடித்துக்கொள்வாள்.

கடைசியில் தாளில் மூன்று நின்றன. முதலாவதில் நாலு கோர், விலை குறைவு. இரண்டாவதில் ஆறு கோர், ஆனால் திரையில் படம் வரைகிற பகுதி உள்ளே கிடையாது. தனியாக கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும். மூன்றாவதிலும் ஆறு கோர், படம் வரைகிற பகுதி உள்ளேயே உண்டு, விலை கூட.

"மூணாவது வாங்கலாம்ப்பா" என்றாள் இன்ஜு. "கார்டே வேணாம். அப்புறமா மெதுவா வாங்கிக்கலாம்."

ஒராஸ் இரண்டாவதைத்தான் வாங்கினான். காரணம் இருந்தது. அவனோடு வேலை செய்யும் கோல்யா தன் கராஜில் சும்மா கிடக்கும் பழைய கிராபிக்ஸ் கார்டைத் தருவதாகச் சொல்லியிருந்தான். பழசானாலும் அது வரைகிற படம், மூன்றாவது பிராசஸர் உள்ளுக்குள்ளேயே வரைகிற படத்தைவிட நன்றாக இருக்கும். மிச்சமான காசில் மெமரி ஒன்றுக்கு இரண்டாக வாங்கிவிடலாம். கணக்கு கச்சிதம். நீங்களும் நானும் யோசித்திருந்தாலும் இதையேதான் செய்திருப்போம்.

சனிக்கிழமை காலை பத்து மணி. வெளியே மைனஸ் இருபத்தேழு. ஒராஸ் கோல்யாவின் கராஜிலிருந்து கார்டை வாங்கிக் கைப்பையில் போட்டு, இருபது நிமிஷம் நடந்து வீட்டுக்கு வந்தான். மூக்கு சிவந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

இங்கே ஒரு விஷயம். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் வெளியிலிருந்து வரும் எந்த மின்பொருளையும் உடனே சொருக மாட்டோம். டிவியோ, சலவை மெஷினோ, கூடத்து மூலையில் மூன்று மணி நேரம் தூங்க வைப்போம். உறைந்து வந்த பொருள் வீட்டுச் சூட்டில் வியர்க்கும். அந்த ஈரம் காய வேண்டும். குழந்தைக்குக்கூடத் தெரியும். சுரங்கத்துப் பட்டறையில் இதற்கென்றே சிவப்பு மையில் அறிவிப்பு எழுதி மாட்டியிருக்கிறார்கள். எழுதி மாட்டியவன் ஒராஸ்.

ஆனால் பத்து நாள் ஆவல் என்று ஒன்று இருக்கிறதே.

"அப்பா, மூணு மணி நேரம்" என்றாள் இன்ஜு.

"பையிலதானே இருந்துச்சு. சும்மா ஒரே ஒரு நிமிஷம். படம் வருதான்னு மட்டும் பாத்துட்டு எடுத்துடறேன்."

கார்டைச் சொருகினான். சுவிட்சைத் தட்டினான்.

'டப்' என்று ஒரு சத்தம். பிறகு அந்த நாற்றம். எலெக்ட்ரீஷியன்கள் தூக்கத்திலும் அடையாளம் கண்டுகொள்ளும் நாற்றம் அது.

பாக்கி எல்லாம் பிழைத்தது. கார்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். காற்றாடி சுற்றியது, மதர்போர்டில் விளக்கு எரிந்தது. ஆறு கோரும் உள்ளே உட்கார்ந்து வேலை செய்துகொண்டுதான் இருந்தன. திரை மட்டும் கறுப்பு. படம் வரைய ஆள் இல்லை.

கடைக்குப் போன் போட்டான். பெட்டியைப் பிரித்துவிட்ட பிராசஸரைத் திரும்ப எடுக்க மாட்டோம், மாற்றியும் தர மாட்டோம் என்றார்கள். சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

"பரவாயில்லப்பா" என்றாள் இன்ஜு. அவள் கத்தியிருந்தால் ஒராஸ் தாங்கியிருப்பான். அந்தப் 'பரவாயில்லை' அவனை அறைந்ததுபோல் இருந்தது. குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றான்.

அவன் உள்ளே நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில், இன்ஜு ஒரு காரியம் செய்தாள். பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒன்பது மாசமாக இந்த வீட்டில் யாரும் கூப்பிடாத ஓர் எண்ணைக் கூப்பிட்டாள்.

* * *

இரண்டரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

திறந்தான் ஒராஸ். புருவத்தில் பனி படிந்து, மூச்சு புகைய நின்றிருந்தான் சாகென். ரௌஷானின் மகன். இருபத்து மூன்று வயது. பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை.

"யாரு அனுப்பினா?" என்றான் ஒராஸ்.

"யாரும் அனுப்பல மாமா. கால் இருக்கு, வந்தேன்."

உள்ளிருந்து ஷினாரின் குரல் வந்தது. "அக்கா மகனை வாசல்ல நிக்க வெச்சுப் பேசற வழக்கம் எந்த ஊர்ல இருக்கு? உள்ள வாடா சாகென். எவ்வளவு இளைச்சுட்ட! உங்கம்மா சோறு போடறாளா இல்ல திட்டு மட்டும்தான் போடறாளா?"

குரலில் சிரிப்பு இருந்தாலும் ஷினார் பயந்துபோயிருந்தாள். காரணம் சொல்கிறேன்.

அக்கா தங்கை பிள்ளையை நாங்கள் ஜியென் என்போம். ஜியென் தன் தாய்மாமனிடம் ஆயுளில் மூன்று முறை எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மாமன் இல்லையென்று சொல்லக் கூடாது. சொன்னால் ஊர் காறித் துப்பும்; அதைவிட, அவனுக்கே தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது. சாகென் இரண்டு முறை கேட்டுவிட்டான். ஏழு வயதில், மாமாவின் புத்தம் புது ஐஸ் ஹாக்கிக் காலணியை. அது நாற்பத்திரண்டாம் நம்பர். உள்ளே செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க விழுந்து விழுந்து சறுக்கினான். பதினெட்டு வயதில் மாமாவின் மோட்டார் சைக்கிளை. ஒராஸ் இரண்டு முறையும் சிரித்துக்கொண்டே கொடுத்தான்.

மூன்றாவது பாக்கி. அதைத் தோபார் வீட்டுக்காக வைத்திரு என்று ரௌஷான் மகனிடம் சொல்லியிருக்கிறாள் என்பது சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரியும். ஒராஸுக்கும் தெரியும். ஒன்பது மாசமாக, கதவு தட்டும் சத்தம் கேட்டாலே அவனுக்கு முதலில் அதுதான் ஞாபகம் வரும்.

சாகென் கோட்டைக் கழற்றி மாட்டினான். உள்ளே போட்டிருந்த கம்பளி ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. வீட்டில் வெந்நீர்க் குழாய்ச் சூட்டில் எல்லோரும் அரைக்கைச் சட்டையில் இருந்தார்கள். இவன் மட்டும் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டு, சுடச்சுடப் பால் தேநீரும் குடித்துக்கொண்டு, நெற்றியில் வியர்வையோடு உட்கார்ந்திருந்தான். நெஞ்சுப்பக்கம் உள்பையில் ஏதோ தடிப்பாகத் தெரிந்தது.

பத்திரம், என்று ஒராஸ் முடிவுகட்டினான். கையெழுத்துக்குத் தயாராக எழுதி அனுப்பியிருக்கிறாள் அக்கா.

"சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்றாள் ஷினார் அவசரமாக. தட்டில் பவுர்சாக் என்ற மாவு உருண்டைகளைப் பொரித்து வைத்திருந்தாள். "மாமாகூடப் பேசறதுக்கு முன்னாடி வயித்துல ஏதாவது இருக்கணும். அவர் இன்னிக்கு டப்புன்னு வெடிக்கிற மூடுல இருக்காரு."

"கேள்விப்பட்டேன் அத்தை" என்றான் சாகென்.

ஒராஸ் மகளைப் பார்த்தான். இன்ஜு பவுர்சாக்கை ரொம்ப அக்கறையாகத் தேனில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் சேர்ந்து சிரிங்க" என்றான் ஒராஸ். "அறிவிப்பு எழுதினவனே அதை மதிக்கல."

"நான் சிரிக்கல மாமா. எங்க கடைக்கு இந்த ஜனவரில மட்டும் இதே மாதிரி நாலு வந்துச்சு." சாகென் எழுந்து மெஷின் பக்கம் போனான். மூடி திறந்து கிடந்தது. குனிந்து பார்த்தான். "யாரு பூட்டினது?"

"நான்தான்."

"கேபிளெல்லாம் இப்படிக் கட்டினவங்களை எங்க கடையில பாத்ததே இல்ல."

ஒராஸ் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

"ஆறு கோர் எடுத்தீங்க. சரியான முடிவு. நாலு எடுத்திருந்தா ரெண்டு வருஷத்துல திணறும்."

"ஆனா படம் வரையற பகுதி இல்லாததை எடுத்தேனே."

"இல்லாமல்லாம் இல்ல மாமா. உள்ள இருக்கு."

ஒராஸ் நிமிர்ந்தான். "என்ன சொல்ற?"

"இதுவும், பிரிட்ஜ் தாள்ல மூணாவதா எழுதியிருக்கீங்களே அதுவும், உள்ள ஒரே சில்லுதான். இதுல அந்தப் பகுதியை மூடி வெச்சு விக்கறாங்க."

"மூடி வெச்சா? ஏன்?"

"பெரும்பாலும் அந்தப் பகுதியில ஏதாவது குறை இருக்கும். தூக்கிப் போட மனசு வருமா? மூடிட்டு மலிவா விப்பாங்க. சிலது நல்லா இருந்தாலும் மூடுவாங்க. மலிவு விலைப் பொருளுக்கும் ஆள் இருக்கே."

"அடப்பாவி!" ஒராஸின் கண் விரிந்தது. சுரங்கத்தில் பயன்படாத கிளைப்பாதையைப் பலகையடித்து மூடி வைப்பது அவன் தினசரி பார்ப்பது. நகம் அளவுச் சில்லுக்குள்ளும் அப்படி ஒன்றா? "திறக்க முடியாதா?"

"முடியாது. தொழிற்சாலையிலயே நிரந்தரமா அடைச்சிடுவாங்க."

"எதால அடைக்கறான்? உள்ள ஃப்யூஸ் மாதிரி ஏதாவதா?"

"அதேதான் மாமா! கண்ணுக்குத் தெரியாத ஃப்யூஸ். எரிச்சுடுவாங்க."

"இவ்வளவு சின்னதுக்குள்ள ஃப்யூஸ் வெச்சிருக்கான் பாரு!" ஒராஸ் மேஜையைத் தட்டினான். பிறகு கேள்வி மேல் கேள்வி. மூடிய பகுதிக்கு மின்சாரம் போகுமா? சூடு குறையுமா? ஒரு கோர் கெட்டுப்போனால் அதையும் இப்படி மூடி விற்பார்களா? சாகென் ஒவ்வொன்றுக்கும் பேனாவால் தாளின் பின்பக்கம் வரைந்து வரைந்து காட்டினான். சாகெனுக்குத் தெரியாத இடத்தில் ஒராஸ் ஊகித்தான். அவன் தப்பாக ஊகித்த இடத்தில் சாகென் விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டு தலைகளும் ஒன்றையொன்று முட்டுகிற அளவுக்குக் குனிந்திருந்தன.

சமையலறை வாசலில் நின்று ஷினார் பார்த்தாள். ஒன்பது மாசமாகப் பேசாத குடும்பம். கால் மணி நேரமாக ஒரு ஃப்யூஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. இந்தப் பையன் தயவுசெய்து இன்றைக்கு எதையும் கேட்காமல் போய்விட வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

கடிகாரம் நாலு அடித்தது. இன்ஜு கதவோரம் நின்று, "ரெண்டு மணி நேரம்தான் இருக்கு" என்றாள் மெதுவாக.

சிரிப்பு நின்றது. சாகென் எழுந்தான். ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து, மாமாவுக்கு எதிரே நேராக நின்றான்.

"மாமா. இன்னிக்கு உங்க ஜியெனா கேக்க வந்திருக்கேன். இது மூணாவது."

ஷினார் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். ஒராஸின் பார்வை, வேண்டாமென்று நினைத்தும், வாசல் ஆணிக்குப் போயிற்று. சாகெனும் அந்தச் சாவியைப் பார்த்தான். ஒரு நொடி இல்லை, நாலைந்து நொடி பார்த்தான்.

"கேளு" என்றான் ஒராஸ். குரல் உள்ளே போயிருந்தது.

"உங்க பிராசஸரைக் குடுங்க."

யாருக்கும் உடனே புரியவில்லை.

"எதை?"

"இந்த மெஷின்ல இருக்கற பிராசஸரை. ஆறு கோர், படம் வராதது. அது எனக்கு வேணும்."

"டேய்!" என்றாள் ஷினார். "உனக்கென்ன பைத்தியமா?"

ஒராஸ் எழுந்தே விட்டான். "மடையா! ஆயுசுக்கு மூணு தடவை. அதுல கடைசியை இதுக்கா செலவு பண்ணுவே? படம் வராத ஒண்ணுக்கு? வாயை மூடு. நீ கேக்கல, நான் கேட்டுக்கல. வேற ஏதாவது கேளு."

"கேட்டாச்சு மாமா. கேட்டதைத் திரும்ப வாங்க முடியாது. குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஒராஸ் குனிந்து, காற்றாடியின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். சூடு கடத்தும் பசை ஒட்டியிருந்த காற்றாடியை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுத்தான். பூட்டும் நெம்புகோலை உயர்த்தி, பத்து நாள் தேடி வாங்கிய அந்தச் சதுரத்தை இரண்டு விரலால் தூக்கி, துடைத்து, அக்கா மகன் கையில் வைத்தான். மதர்போர்டின் நடுவில் ஓர் ஓட்டை மாதிரி அந்த இடம் காலியாக இருந்தது. இன்ஜு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் சாகென் ஜாக்கெட் ஜிப்பைக் கீழே இழுத்தான். உள்பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா வந்தது. பத்திரம் இல்லை. டப்பாவுக்குள் இன்னொரு பிராசஸர்.

"இது என் மெஷின்ல இருந்தது. உங்க தாள்ல இருக்கற மூணாவது. படம் வரும்" என்றான். "என்கிட்ட நல்ல கிராபிக்ஸ் கார்டு இருக்கு. உள்ள இருக்கற பகுதி எனக்கு வீண்தான். உங்களோடது எனக்குப் போதும். இதை வெக்க எனக்கு வேற இடமில்ல. இங்க வெச்சுட்டுப் போறேன்."

ஒராஸ் அசையாமல் நின்றான். அக்கா வீட்டு ஊசிகூட வாசல்படி தாண்டக் கூடாது என்று சொன்ன வாய். இப்படியே கையில் கொடுத்திருந்தால் வாங்கியிருக்க மாட்டான். அது இந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் முதலில் கேட்டு வாங்கிக்கொண்டு, மெஷினில் ஓட்டையை உண்டாக்கிவிட்டு, பிறகு ஜிப்பை இழுத்திருக்கிறான்.

வேறு வழியில்லாமல் ஒரு சாக்கு சொன்னான். "வெளியில இருந்து வந்தது. மூணு மணி நேரம் வெக்கணும். ஏழாயிடும்."

"தொட்டுப் பாருங்க மாமா."

ஒராஸ் வாங்கினான். டப்பா வெதுவெதுப்பாக இருந்தது. பஜாரிலிருந்து இரண்டு பஸ் மாறி, மைனஸ் இருபத்தேழில் வந்தவன், இதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். வீட்டுக்குள் வந்தும் வியர்க்க வியர்க்க ஜாக்கெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறான். ஒராஸுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கக்கூட இல்லை.

"உங்கம்மா உன்னைக் கொன்னுடுவா" என்றான்.

"தெரியும். வீட்டைக் கேக்கத்தான் சொன்னாங்க." சாகென் தரையைப் பார்த்தான். "ஆனா மாமா, நான் கேட்டு வாங்கினா அது நான் பிடுங்கின வீடு. அம்மாவுக்கு வேண்டியது அது இல்ல. அம்மா அங்க ஆறு வருஷம் இருந்தாங்கன்னு நீங்க ஒரு தடவை சொன்னாப் போதும். அதை நான் கேட்டு வாங்க முடியாது."

ஒராஸ் மெஷின் பக்கம் திரும்பினான்.

மூலையிலிருந்த தங்க முக்கோணத்தைப் பொருத்திப் பார்த்து, அழுத்தாமல், தானாக இறங்கும்படி பிராசஸரை வைத்தான். நெம்புகோலை மூடினான். பட்டாணி அளவு பசை. காற்றாடி. நாலு திருகாணி, குறுக்கும் நெடுக்குமாக. சாகென் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தான்.

"நீயே போடு" என்று ஒராஸ் மகளிடம் சுவிட்சைக் காட்டினான். காலை அனுபவத்துக்குப் பிறகு அவனுக்கு விரல் வரவில்லை.

இன்ஜு தட்டினாள். காற்றாடி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

பத்து நொடி. இருபது நொடி.

"முதல் தடவை அப்படித்தான்" என்றான் சாகென். "புது ஆள் வந்திருக்கான்ல. மெமரியோட பேசிப் பழகறான்."

நாற்பது நொடி. ஷினார் கண்ணை மூடிக்கொண்டாள். ஒராஸ் மூக்கை உறிஞ்சி நாற்றம் வருகிறதா என்று பார்த்தான்.

திரை வெளுத்தது. எழுத்து வந்தது.

இன்ஜு போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் சத்தம் பொறுக்காமல் வெந்நீர்க் குழாயைத் தட்டினார். அவள் சாகென் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அண்ணா, அண்ணா" என்று குதித்தாள். பிறகு ஆட்டத்தை ஏற்றி, ஓடிப் பார்த்தாள், சுட்டுப் பார்த்தாள். படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் திக்கவில்லை.

"மெமரியை ரெண்டா வாங்கிப் போட்டீங்களே மாமா, அதுதான் காப்பாத்துது" என்றான் சாகென். "படம் வரையற பகுதி அந்த மெமரியைத்தான் கடன் வாங்கி ஓடுது. ஒண்ணு மட்டும் போட்டிருந்தா இழுத்திருக்கும்."

"அப்போ நான் முழு முட்டாள் இல்ல?"

"முக்கால்தான்" என்றாள் ஷினார்.

* * *

ஆறு மணி. இன்ஜு காதில் ஹெட்போனோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாகென் கூடத்தில் பவுர்சாக் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தான். இப்போது ஜாக்கெட்டைக் கழற்றியிருந்தான்.

ஆறே முக்காலுக்கு ஒராஸின் போன் அடித்தது. திரையில் பெயரைப் பார்த்தவன் எழுந்து வாசல் பக்கம் வந்தான்.

"ஒராஸ்." அக்காவின் குரல். ஒன்பது மாசத்துக்குப் பிறகு. "சாகென் அங்கதான் இருக்கானா?"

"இருக்கான்."

"கேட்டானா?"

"கேட்டான்க்கா."

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

மறுமுனையில் ரௌஷான் அழுதாள். அடக்கி அடக்கி, முடியாமல், வாய்விட்டு அழுதாள்.

"நீ குடுக்க மாட்டேன்னு ஊரெல்லாம் சொன்னேன்டா தம்பி. என் வாய் அழுகிப் போகட்டும். நாளைக்குக் காலையில முதல் பஸ்ல தோபார் போய் அடுப்பை மூட்டறேன். இந்தக் குளிர்ல ஆளில்லாத வீடு, குழாய் உறைஞ்சு வெடிச்சிடும்டா. அப்பாவோட கட்டில் அந்த ஜன்னல் பக்கத்துலயேதானே இருக்கு? நகர்த்தலையே? அவருக்கு அங்கேருந்து ரோடு தெரியணும்..."

"அப்பா!" அறைக்குள்ளிருந்து இன்ஜு கத்தினாள். "எடுத்துட்டாங்க! என்னை எடுத்துட்டாங்க!"

சாகென் பாதி பவுர்சாக்கோடு எழுந்து நின்று மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா எதை நினைத்து அழுகிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப் போயிருந்தது.

ஒராஸ் கையை நீட்டி ஆணியிலிருந்து சாவியை எடுத்தான். வாசல் கதவு இடுக்கில் வரும் காற்றில் ஒன்பது மாசம் தொங்கிய இரும்பு. விரலில் சுரீரென்று குளிர் ஏறியது. அதை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டான்.

"அக்கா" என்றான். "அவன் கேட்டது வீடு இல்ல."

அழுகை அப்படியே நின்றது.

அவள் போனை வைக்கவில்லை. ஒராஸும் வைக்கவில்லை. அந்த ஆறு வருஷத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய அடுத்த வார்த்தை அவனுக்குத் தெரியும். நாக்கில்தான் இன்னும் ஏறவில்லை. மூடிய கைக்குள் சாவி கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிக்கொண்டிருந்தது.